மீன் தொட்டிக்கு மேலுரம்

ஒரத்தநாடு,
புரட்டாசி கடைசி வாரம்

சௌபாக்கியவதி அனுராதாவுக்கு அப்பா தங்கையன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் சௌக்கியம், மாடு சௌக்கியம், தொட்டி மோட்டாரும் சௌக்கியம். தொட்டியில் இருந்த மீன்கள் மட்டும் சௌக்கியமாக இல்லை. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளை பரணிதரனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கடிதம். வீடியோவில் பேச நெட் இல்லை என்று சொன்னதும் பொய். இங்கே நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா கருமாதி முடிந்த கையோடு மாப்பிள்ளை மாடியில் தொட்டி வைத்து, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டு, மேலே கூழாங்கல் தட்டில் கீரை போட்டு, "மீன் கழிவுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும், கீரை அதைக் குடித்துவிட்டுச் சுத்தமாகத் திருப்பி அனுப்பும், மண்ணே வேண்டாம் மாமா" என்றார். மண்ணை நம்பிப் பிழைத்தவனிடம் சொல்கிற பேச்சா இது? மாப்பிள்ளையாயிற்றே என்று கூழாங்கல்லைக் கழுவிக் கொடுத்தேன். நீதான், "தீபாவளி வரைக்கும் இதுங்களச் சாகாம பாத்துக்கங்கப்பா. அப்பத்தான் நீங்க தனியா இருந்துக்குவீங்கன்னு நம்புவேன். இல்லேன்னா எங்ககூட வந்துடணும்" என்றாய். நானும் தலையாட்டினேன்.

கீரை நன்றாகத்தான் வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் உன் அத்தை ஞானாம்பாளுக்கு ஒரு கட்டு கொடுத்தால், "புரட்டாசியில மீன் மூத்திரத்துல வளந்த கீரையக் குடுக்குறீங்களே, இது சைவமாண்ணே?" என்கிறாள். எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். கீரையைத் தொடமாட்டாளே தவிர, தினமும் வந்து மீன்களை எட்டிப் பார்த்து, "கொழுகொழுன்னு வருதுண்ணே" என்று பெருமூச்சு விடுவாள். நான் காலையில் தீனி போடப் போனால், வாய்க்காலில் தண்ணீர் வந்தது, குத்தகைக்காரன் நடவைத் தள்ளிப்போட்டது எல்லாவற்றையும் மீன்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். உங்கம்மா மாதிரியே பாதியில் வேறு பக்கம் திரும்பிப் போய்விடும்.

போன வாரம் கீரை மஞ்சளடித்தது. பயிர் மஞ்சளடித்தால் இந்தக் கை சும்மா இருக்குமா? உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று மாப்பிள்ளை படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வருமுன்னே ஒரு பிடி யூரியாவை மேலுரமாக வீசிவிட்டேன். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியும் ஒன்றுகூடத் தங்கவில்லை. தென்னை மரத்தடியில் குழி வெட்டி மண்ணைத் தள்ளும்போது அழுகை வந்துவிட்டது. "என்னண்ணே, அண்ணி செத்தப்பக்கூட நீங்க அழுவலியே" என்றாள் ஞானாம்பாள். அன்றைக்குப் பந்தல், மேளம், சாப்பாடு என்று ஆளாளுக்கு என்னைத்தான் கேட்டார்கள், அழ எங்கே நேரம்? அனு, உங்கம்மா போனது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆகையால் நான் தோற்றேன். டிக்கெட் போடு. கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டால் அவள்தான் என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். உங்கள் பன்னிரண்டாவது மாடியில் கொல்லை ஏது? போகட்டும், வருகிறேன். மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
அப்பா தங்கையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஞானாம்பாள் வாளியோடு வந்து தலையைக் குனிந்து நின்றாள். "கோவப்படாதீங்கண்ணே. நீங்க உரம் போடறதுக்கு முன்னாடியே ஒண்ணத் தூக்கிட்டுப் போயி எங்க வீட்டுத் தொட்டியில வுட்டிருந்தேன். புரட்டாசி முடிஞ்சதும் கொழம்பு வைக்கலாம்னு." திருடி! தங்கையாகப் போய்விட்டாள், இல்லையென்றால் காலில் விழுந்திருப்பேன். டிக்கெட் போடாதே. கீரையைப் பிடுங்கி எறிந்து, தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து அந்த மீனை அதில் விட்டிருக்கிறேன். தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒற்றையாகத்தான் சுற்றுகிறது. ஆனால் சாப்பிடுகிறது.