ஸ்பெயினில் ஒருதரம்தான் கேட்பார்கள்

என் குடும்ப வைத்தியர் எனக்கு இருப்பதாக எழுதி வைத்திருக்கும் வருத்தங்கள் பதினொன்று. நீரிழிவு, பிரஷர், இடது முழங்கால், வலது முழங்கால் (அவர் இரண்டையும் ஒன்றாகத்தான் எழுதியிருந்தார், நான்தான் சொல்லித் திருத்துவித்தேன்) என்று அது நீண்டு போகும். அந்தப் பட்டியலில் ஸ்பெயின் இல்லை. எழுபது வயதில் ஒருவனுக்கு ஒரு நாட்டின் மேல் காதல் வந்தால் அதுவும் ஒரு வருத்தம்தான் என்றும், அது பக்கத்தில் இருப்பவர்களைத்தான் முதலில் தாக்கும் என்றும் எந்த வைத்தியரும் எனக்குச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தேன். ரொறன்ரோவில் இருபத்தாறு வருடம் ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணினேன். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது பெட்டிகள் நின்றுவிட்டன, எண்ணிக்கை நிற்கவில்லை. மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு மாடிப்படி பதின்மூன்று. வாசலில் இருந்து பஸ் தரிப்பிடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி, பனிக்காலத்தில் நானூற்றுத் தொண்ணூறு. முப்பத்துநான்கு வருடமாக இந்த நாடு எனக்கு வீடு தந்தது, முழங்காலுக்கு ஊசி தந்தது, இலவசமாகத் தடுமன் தந்தது. நான் ஒருநாளும் அதைப் பார்த்து ஆகா என்று சொன்னதில்லை. குளிர் கூடிப்போச்சு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் துளசி எனக்கும் மனைவிக்கும் ஸ்பெயினுக்கு ஒன்பது நாள் பஸ் சுற்றுலா ஒழுங்குசெய்தாள். நான் போகாமல் இருப்பதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பதினேழு வந்தது. அவள் வாசித்துவிட்டு, "டிக்கெட் போட்டாச்சு அப்பா" என்றாள். பதினெட்டாவது காரணம் என்னிடம் இருக்கவில்லை.

மனைவி பெட்டி கட்டிய விதத்தைப் பார்த்தால் ஸ்பெயினில் பஞ்சம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மிளகாய்த்தூள், ஆறு பைக்கற் மிக்சர், நூடில்ஸ், தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கேத்தல். நாங்கள் வெளிநாடு பார்க்கப் போவது அங்கே இருக்கும் கட்டடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கவும், அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு எங்கள் சாப்பாட்டைச் சாப்பிடவும்தான். திரும்பி வந்து, "எல்லாம் பாத்தாச்சு, சாப்பாடுதான் சரியில்லை" என்று ஒரு கொண்டாட்ட மண்டபத்தில் நின்று சொல்லும்போதுதான் அந்தப் பயணம் பூர்த்தியாகும்.

முதல் மூன்று நாளும் நான் ஒழுங்காகவே நடந்துகொண்டேன். அதாவது, முறைப்பாடு சொன்னேன். தொலேதோவில் ஏற்றம் அதிகம் என்றேன். கோர்தோபாவில் அந்தப் பழைய பள்ளிவாசலுக்குள் தூண்களை எண்ணத் தொடங்கி இருநூற்று முப்பத்தொன்றில் நிற்கும்போது வழிகாட்டிப் பெண் கொடியை ஆட்டிக் கூப்பிட்டுவிட்டாள். மிச்சத்தை எண்ணாமல் வந்த கவலை எனக்கு இன்றைக்கும் உண்டு.

நாலாம் நாள் செவில்லில்தான் அது நடந்தது. பின்னேரம் சுதந்திரமாகச் சுற்றலாம் என்று விட்டார்கள். மனைவிக்குக் கால் வலி. ஒரு ஒழுங்கைக்குள் இருந்த சின்னக் கடைக்கு வெளியே கதிரையில் இருந்தோம். தெரு முழுக்கத் தோடை மரம், அதுதான் ஆரஞ்சு, அறுபத்துநான்கு. பழம் பழுத்துத் தொங்குகிறது, ஒருவரும் பிடுங்கவில்லை. (நான் ஒன்று பிடுங்கினேன். வாயில் வைத்த பிறகுதான் ஏன் ஒருவரும் பிடுங்கவில்லை என்று விளங்கியது.) என் வயதுக் கிழவர்கள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வாங்கில்களில் இருந்தார்கள். ஒருவரும் எங்கேயும் போகவில்லை. ஒருவரும் என்னைப் பார்த்து எந்த ஊர், ஆருடைய ஆள், பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் முடியேல்லையோ என்று கேட்கவில்லை.

கடைக்காரர் ஒரு தட்டில் பொரித்த மீன் கொண்டுவந்து வைத்தார். தட்டு என் உள்ளங்கை அளவு. சாப்பிட்டு முடிய, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கையால் கேட்டார். மனைவி எங்கள் முறைப்படி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் சரி என்று போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. மனைவி கொஞ்ச நேரம் அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒருக்காக் கேட்டுட்டு விட்டுட்டான் பாருங்கோ" என்றாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு அது ஆறவில்லை.

எனக்கோ தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எழுபது வருடமாக நான் வேண்டாம் என்று சொன்ன எதையும் ஒருவரும் நம்பியதில்லை. வேண்டாம் என்றால் இரண்டாம் தரம் கேட்பார்கள், அதற்கும் வேண்டாம் என்றால் மூன்றாம் தரம் தட்டிலே போட்டுவிடுவார்கள். வேண்டும் என்பவனும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காணாததைக் கண்டவன் என்று பெயர். இங்கே ஒரு சனம் ஒருதரம் கேட்டு, கிடைத்த பதிலை நம்பி, பேசாமல் போகிறது. இவ்வளவு மரியாதையை நான் வாழ்நாளில் கண்டதில்லை. அந்தக் கதிரையிலேயே நான் விழுந்தேன். (காதலில். முழங்காலால் அல்ல.)

திரும்பி வந்தவன் நான் அல்ல, வேறு ஒரு கனவான். மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னல் சீலைகளை எல்லாம் இழுத்து மூடி நித்திரை கொண்டேன். சுட்ட பாண் துண்டில் தக்காளிப்பழத்தைத் தேய்த்துச் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பொரியல் செய்யப் பழகினேன், ஏழாவது தரம் கருகவில்லை. உள்ளங்கை அளவுத் தட்டுகள் பன்னிரண்டு வாங்கினேன். போன வீடுகளில் எல்லாம் ஸ்பெயினைப் பற்றிக் கதைத்தேன். "முப்பத்துநாலு வருசம் கனடாவில இருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுசன்" என்று மனைவி ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கினாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள்.

இந்த நிலைமையில்தான் யூனியன்வில்காரர் வந்தார்கள்.

துளசிக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஒஷாவாவில் வேலை. அங்கேயே வேலை செய்யும் நிரோசன் என்ற பெடியனை நாலு வருடமாக விரும்பியிருக்கிறாள். பெடியனின் தாய் தகப்பன் இருப்பது யூனியன்வில்லில். தகப்பன் தில்லைநாதன் சாதுவான மனுசர், ஒன்றும் சொல்லவில்லை. தாய் மங்கையர்க்கரசி வேறு இடத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தவர். அவர் இருபது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், ஐம்பது பிள்ளைகளை ஒரு செருமலில் இருத்தக்கூடியவர். மகன் அழுது மன்றாடி, கடைசியில் அவர் இறங்கி வந்த அளவு இவ்வளவுதான்: ஒருதரம் வந்து வீட்டையும் ஆட்களையும் பார்க்கிறேன், மனதுக்குப் பிடித்தால் அன்றைக்கே சம்மதம் சொல்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதை முடிந்தது. துளசி இதை என்னிடம் மூன்று தரம் சொன்னாள். நான் எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களின் நாலு மணி என்பது எத்தனை மணி என்று எனக்குத் தெரியும். ஆகவே மனைவியும் துளசியும் மூன்று மணிக்கு, ரோல்ஸும் பற்றிஸும் ஓடர் கொடுத்த கடைக்குப் போனபோது நான் ஆறுதலாக இருந்தேன். நான் மறந்துபோனது ராகுகாலம். ஞாயிற்றுக்கிழமை அது நாலரைக்குத் தொடங்கும். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் நாலரைக்கு முன்னம் கதையை முடித்து வாசல் தாண்டிவிட வேண்டும். மூன்றரைக்கே மணி அடித்தது. மனைவிக்குப் போன் அடித்தேன். கடையில் பற்றிஸ் இன்னும் எண்ணெயில் கிடக்கிறதாம். "நீங்கள் இருத்திக் கவனிச்சுக் கொண்டிருங்கோ, வாறம்" என்றாள். கவனிக்கச் சொன்னது யாரை என்று அவள் யோசிக்கவில்லை.

கவனிக்க என்னிடம் எல்லாம் இருந்தது. சின்னத் தட்டுகள் நாலை எடுத்து அடுக்கினேன். ஒன்றில் ஒலிவ் காய், ஆளுக்கு இரண்டு. ஒன்றில் என் உருளைக்கிழங்குப் பொரியல், நாலு துண்டு. தக்காளி தேய்த்த பாண். தோடம்பழச் சுளை. கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"கொஞ்சம் சாப்பிடுங்கோ."

"ஐயோ, வேண்டாம் அண்ணை" என்றார் மங்கையர்க்கரசி. "இப்பதான் சாப்பிட்டுட்டு வந்தனாங்கள்."

"நல்லது" என்றேன்.

சொல்லிவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் எனக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் வைத்தேன். அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். தில்லைநாதனின் கண் தட்டோடு கூடவே வந்தது. அதை அவர் என் மேசையைப் பாராட்டுவதாக எடுத்துக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்துத் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றார் அந்த அம்மா. கரைச்சல் கொடுக்க விரும்பாதவரின் மனதை மதித்து இருந்த இடத்திலேயே இருந்தேன். தில்லைநாதனிடம் தண்ணீராவது குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், மூடினார். அதையும் வேண்டாம் என்று கணக்கில் எடுத்தேன்.

பிறகு ஸ்பெயினைத் தொடங்கினேன். போனில் ஆயிரத்து நூற்று நாற்பது படம் இருந்தது. தொலேதோவின் ஏற்றம் தொடக்கம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். நடுவில் எனக்குப் பசித்ததால் ஒலிவ் காய்களை நான் சாப்பிட்டேன். பொரியலும் ஆறிப்போகும் என்று நாலு துண்டையும் சாப்பிட்டேன். "அங்க ஒருக்காத்தான் கேப்பினம் தெரியுமோ" என்று வாயில் பாணோடு விளக்கினேன். "எங்கட ஆக்கள் மாதிரி விசர்த்தனமா வற்புறுத்த மாட்டினம். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். அதெல்லோ நாகரிகம்."

மங்கையர்க்கரசி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு நேரத்தைப் பார்த்தார். நாலு இருபத்திரண்டு. எழும்பினார்.

"அப்ப போட்டு வாறம் அண்ணை."

வாசலில் எங்கள் ஆட்கள் இன்னொருதரம் மறிப்பார்கள், நிற்கச் சொல்வார்கள், கையைப் பிடிப்பார்கள். நான் சப்பாத்து எடுத்துக் கொடுத்தேன்.

மனைவியும் மகளும் அறுபது ரோல்ஸும் நாற்பது பற்றிஸும் நாலு முப்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று மனைவி கேட்டாள். கேட்டேன், வேண்டாம் என்றார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். எத்தனை தரம் கேட்டீர்கள் என்றாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவள் பெட்டிகளோடு மாடிப்படியில் இருந்துவிட்டாள், மூன்றாவது படியில்.

ஐந்து மணிக்கு ரோல்ஸ் கடை அன்ரியின் போன் வந்தது. காத்துக்கொண்டு நின்ற நேரத்தில் மனைவி அவவுக்குச் சம்பந்தக் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறாள், பெடியனின் தாய் தகப்பனின் படம் வரைக்கும் காட்டியிருக்கிறாள். அந்தச் சம்பந்திகள் இப்போது அவவுடைய கடையில்தான் நிற்கிறார்களாம். இரண்டு கொத்துரொட்டி. நின்றபடியே சாப்பிடுகிறார்களாம். போன வீட்டில் ஒரு வாய்த் தேத்தண்ணியும் இல்லை, தகப்பன் தனிய இருந்து எல்லாத்தையும் எங்கட கண்ணுக்கு முன்னால தின்றார் என்று அந்த அம்மா சொன்னாராம். அடுத்த முக்கால் மணித்தியாலத்தில் வேறு ஒன்பது போன் வந்தது. ஒன்று ஜெர்மனியில் இருந்து.

துளசி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சீரியஸ்லி அப்பா?" என்றாள். "இஞ்ச வந்து சாப்பிட வேணும் எண்டு அவை லஞ்ச் ஸ்கிப் பண்ணிட்டு வந்தவை. நிரோசன் இப்ப டெக்ஸ்ட் பண்ணுறான். அவன்ர அம்மா வீட்டுக்குள்ள வந்ததில இருந்து கதைக்கேல்லையாம்." பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன். உள்ளே இருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் நின்ற ஒரே நேரம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலத்துக்கு நன்றாக முன்னால், நானும் மனைவியும் யூனியன்வில்லுக்குப் போனோம். கதைக்கக் கூடாது என்று மனைவி எனக்குச் சொல்லியிருந்தாள். ஸ்பெயின் என்ற சொல் தனியாகத் தடைசெய்யப்பட்டிருந்தது.

மங்கையர்க்கரசி வரவேற்றார், இருத்தினார், உள்ளே போய் ஒரு பெரிய தட்டோடு வந்தார். இடியப்பம், சொதி, மீன்குழம்பு, சம்பல், வடை.

"அண்ணை, இஞ்ச ஒருக்காத்தான் கேப்பம். சாப்பிடுறியளோ?"

"ஓம்" என்றேன்.

சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடவா என்றார். ஓம் என்றேன். போட்டார். இன்னும்? ஓம். பதினாலு இடியப்பம், ஐந்து வடை. சீனி வருத்தக்காரனுக்கு முன்னால் இரண்டு லட்டு வந்தது, அதற்கும் ஓம். வேர்த்துக் கொட்டியது. தில்லைநாதன் குனிந்து, "போதும் எண்டு சொல்லுங்கோ அண்ணை, விட்டிடுவா" என்றார் மெல்ல.

"சொல்ல மாட்டன்" என்றேன். "என்ர பிள்ளையின்ர விசயம்."

மங்கையர்க்கரசிக்கு அது கேட்டிருக்க வேண்டும். வட்டிலப்பக் கிண்ணத்தோடு வந்தவர் அதை மேசையில் வைக்காமல் எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. எங்கட வழக்கம் உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். மறந்துபோனன்."

"ஒன்பது நாளிலயோ?"

"ஓம்."

அவர் கிண்ணத்தை மடியில் வைத்தார். "எழுபது வருசத்து வழக்கத்தை ஒன்பது நாளில மறக்கப் பண்ணிற ஊரெண்டால் அது நல்ல ஊராத்தான் இருக்கும்" என்றார். முகம் சிரிக்கவில்லை. வட்டிலப்பத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "சரி, தங்கச்சி. பிள்ளையளுக்கு எந்த மாதம் வசதி எண்டு பாப்பம்."

துளசியும் நிரோசனும் இப்போது ஒஷாவாவில் இருக்கிறார்கள். இரண்டு குடும்பத்திலும் இன்றைக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால், தேத்தண்ணி கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி கேட்பார்கள்: "ஸ்பெயின் கணக்கோ, எங்கட கணக்கோ?" ஸ்பெயின் என்றால் ஒருதரம்தான் கேட்பார்கள். எங்கட என்றால் மூன்றுதரம். கல்யாணத்துக்கு வந்த ஜெர்மனிக்காரர் இதை அங்கேயும் கொண்டுபோய்ப் பரப்பிவிட்டார் என்று கேள்வி.

நான் எங்கட கணக்கு என்றுதான் சொல்கிறேன். முதல் தரம் வேண்டாம் என்கிறேன். இரண்டாம் தரமும் வேண்டாம் என்கிறேன். பிறகு முதுகை நிமிர்த்தி, பலகாரத் தட்டைப் பாராமல் பார்த்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறேன். சம்பந்தியம்மா ஒவ்வொருதரமும் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்.