வாணியின் துப்பாக்கியை நான் துடைத்த விவரம்

சோழவந்தான்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் ஜெயபாண்டி அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கையை மணந்து இருபத்திரண்டு வருடமாகத் தாக்குப்பிடித்து வரும் மலையாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு மழையும் உண்டு, மோட்டார் ரிப்பேரும் உண்டு, ஆகையால் சுகம். தங்கள் சுகத்தையும் அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்பதையும் அறிய ஆவல்.

நிற்க. நேற்றைய போட்டிக்கு முன்னால் எங்கள் பிள்ளையின் துப்பாக்கியை நான் கெடுத்துவிட்டதாகத் தங்கள் தங்கை பாண்டீஸ்வரி தங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். மற்றதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் மருமகள் தமிழ்வாணி கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் காற்றுத் துப்பாக்கி சுடுவது தாங்கள் அறிந்ததே. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் மாவட்டப் போட்டி. அதில் தேறினால்தான் மாநிலத்துக்குப் போக முடியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் ஆள் இல்லை, கட்டிலடியில் துப்பாக்கிப் பெட்டி இருந்தது. முப்பது வருசமா பம்புசெட்டைப் பிரிச்சு மாட்டுறவன் கை சும்மா இருக்குமா மச்சான்? குழலை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒத்தைக் கண்ணால பார்த்தேன். உள்ளுக்குள்ள கோடு கோடா சுருண்டுக்கிட்டே போகுது, அம்புட்டு நேர்த்தி. இதைக் கடைஞ்ச மகராசனைக் கையெடுத்துக் கும்பிடலாம்னு இருந்துச்சு. ஆனா மேல சாம்பலா ஒரு அழுக்கு. நைலான் கயித்துல பனியன் துணியைக் கட்டி, தையல் மிசின் எண்ணெய் தொட்டு, பதினெட்டுத் தடவை இழுத்தேன். கண்ணாடியா ஆயிருச்சு. பெட்டியை மூடி வச்சுட்டு யார்கிட்டயும் மூச்சு விடலை.

போட்டியன்னைக்கு வாணி முதல் பஸ்ஸுக்கே போயிருச்சு. நான் பின்னாடி போய்ச் சேர்ந்தேன். மச்சான், அங்கன நின்னு பார்க்கணும் நீங்க. பத்து மீட்டர் தள்ளி அட்டை, அதுல நடுப்புள்ளி நீங்க பேனாவால வைக்கிற முற்றுப்புள்ளி அளவுதான். அதை நின்னுக்கிட்டே அறுபது தடவை சுடணும். போட்டிக்கு முன்னாடி பழகிக்கிறதுக்குக் கால் மணி நேரம் தர்றாங்க, அதுல எத்தனை வேணும்னாலும் சுடலாம். வாணி சுட்டுச்சு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒண்ணு இடது பக்கம். வெள்ளிக்கிழமை நான் இழுத்த கயிறு ஞாபகத்துக்கு வந்துச்சு. கோச் பேச்சிமுத்து சார்கிட்ட ஓடிப்போய் உண்மையைச் சொல்லிட்டேன்.

அவர் நிதானமாக் கேட்டுட்டு விளக்கினார். குண்டு போகப் போக உள்ள ஈயம் மெல்லிசா படியுமாம். அந்தப் படிவு ஒரே சீரா இருந்தாத்தான் குண்டு ஒரே இடத்துல போகுமாம். துடைச்சுட்டா, மறுபடி முப்பது நாப்பது குண்டு போற வரைக்கும் அங்கிட்டும் இங்கிட்டும் அலையுமாம். நான் அழுக்குன்னு நினைச்சதுதான் குறியே. பம்புசெட்டுல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த இடத்துல ஒண்ணுமில்லாமப் போச்சு.

சார் போய் வாணி காதுல சொன்னார். பிள்ளை திரும்பி என்னைப் பார்த்துச்சு. தோள் குலுங்குச்சு. அழுகுதுன்னு நினைச்சேன். அப்புறம் திரும்பி, மடமடன்னு சுட்டுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல எல்லாக் குண்டும் ஒரே ஓட்டைக்குள்ள போகுது! போட்டி ஆரம்பிச்சதும் ஒரு மணி நேரத்துக்கு மேல சிலை மாதிரி நின்னுச்சு மச்சான். மூச்சு விடுதான்னே தெரியலை. வீட்டுல ஒரு தட்டைக் கழுவச் சொன்னா மூணு தடவை உட்கார்ற பிள்ளையா இது? ரெண்டாவது இடம், மாநிலத்துக்குத் தேர்வு.

ஆகவே, கெடுத்தது நான்தான், சரி செய்தது உங்கள் மருமகள். இனிமேல் அந்தக் குழல் பக்கம் என் நிழல்கூடப் போகாது என்று தங்கள் தங்கை முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
வாயடைத்துப் போயிருக்கும்
மலையாண்டி

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் வாணி இதைப் படித்துவிட்டது. நான் துடைத்தது கிளப்பில் பழகக் கொடுத்த பழைய துப்பாக்கியாம். என் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் போட்டித் துப்பாக்கியைப் புதன்கிழமையே சாரிடம் விட்டு வைத்திருக்கிறது. அப்ப ஏம்மா குண்டு அலைஞ்சுச்சுன்னு கேட்டேன். "கை நடுங்குச்சுப்பா. நீங்க வேர்த்து விறுவிறுத்து ஒத்துக்கிட்டீங்கன்னு சார் சொன்னதும் சிரிப்பு வந்துருச்சு. நடுக்கம் போயிருச்சு" என்றது. அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்கும் நான் வந்து ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சார் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். எதைத் தொடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.