தையல்காரர் சம்சாரம் பயிரான வரலாறு

வெயில் தானாக வருகிறது என்றுதான் அந்த ஊர் மக்கள் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது முறையாக ஒதுக்கீடு செய்யப்படாத வெப்பம் என்பதைப் பயிர்நலத் துறைதான் கண்டுபிடித்தது. வயல்களில் கீரை கருகிப் போயிற்று. ஆகவே கீரையை வீட்டு அறைகளுக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்ப்பதென்றும், குளிர்ந்த நீரைக் குழாய் வழியே அனுப்பி அந்த அறைகளின் சூட்டைத் தணிப்பதென்றும் துறை தீர்மானித்தது. அந்த வீடுகளில் இருக்கும் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று கூட்டத்தில் யாரோ ஒருவர் கேட்டாராம். மனிதர்களுக்குத் தாங்கவில்லை என்றால் மனுக் கொடுப்பார்கள். கீரைக்கு மனுக் கொடுக்கத் தெரியாது. ஆகவே அரசாங்கம் கீரையின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று பதில் வந்தது. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். மனிதர்களுக்காகக் குளிர்சாதனம் ஓட்டுவதும் அதே கூட்டத்தில் தடை செய்யப்பட்டது. மின்சாரம் கீரைக்கு வேண்டியிருந்தது.

இந்தத் தீர்மானத்தால் அதிகம் பாதிக்கப்பட்டவர் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்த தையல்காரர். அவருடைய சம்சாரத்துக்குச் சூடு ஆகாது. ஒவ்வொரு கோடையிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவாள்; முதல் மழைக்குத் திரும்பி வருவாள். இந்த முறை போகும்போது குளிர்காலக் கம்பளியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். தையல்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"கம்பளி எதுக்கு?"

"எதுக்கா? அங்கேயே இருந்துடப் போறேன், அதுக்கு. அடுப்புல வச்ச பாத்திரத்தைக்கூட ஒரு நேரத்துல இறக்கி வைப்பாங்க. என்னை யாரு இறக்கினாங்க?"

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தலையா இதே வீட்டுல?"

"நடத்தினதெல்லாம் மழைக்காலத்துலதான். வீடு குளுகுளுன்னு ஆகட்டும், சொல்லியனுப்புங்க. வர்றேன்."

அவள் போன பிறகு வீட்டில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போக, தான் செய்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறதோ என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சட்டைக்குக் கை வைத்துத் தைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "கோணலா இருக்கே" என்று சொல்ல யாரும் இல்லை. கோணலாகத்தான் இருந்தது. அவள் வேண்டுமா, அவள் வாய் வேண்டுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. மறுநாளே போய், படுக்கையறையில் கீரை வளர்க்க விண்ணப்பித்துவிட்டார்.

துறையின் குழாய்க்காரர் வந்தார். கட்டிலை வெளியே தள்ளினார். சுவரெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி, அடுக்கடுக்காகத் தட்டு மாட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே விளக்குத் தொங்கவிட்டார். ஒரு மூலையில் செப்புக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து வைத்து அதன் பின்னால் ஒரு மின்விசிறியைப் பொருத்தினார்.

"குளிர்ந்த தண்ணி இந்த வழியா உள்ள வருது. சுருள்ல ஓடுது. விசிறி காத்தை அதுமேல தள்ளுது. விளக்குச் சூடு, செடிச் சூடு எல்லாத்தையும் தண்ணி வாங்கிக்கிட்டு அந்த வழியா வெளியே போயிடும்."

"வாங்கிக்கிட்டு எங்க போகும்?"

"உங்க நடையில போகும்."

வெந்நீர் திரும்பும் குழாய், நடையில் அவர் தையல் இயந்திரம் போட்டிருந்த சுவரை ஒட்டியே போயிற்று. முதுகு படுகிற உயரத்தில்.

"கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"திட்டம் அறைக்குள்ள மட்டும்தாங்க. நடை திட்டத்துல இல்லை."

எப்படியோ அறை குளிர்ந்தது. கீரை முளைத்தது. சேதி போன அன்று மாலையே சம்சாரம் கம்பளியோடு வந்து இறங்கினாள். புதினாத் தட்டுக்கும் கொத்தமல்லித் தட்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "ஏங்க, குளிருது. சூடா ஒரு டீ போடுங்க. அப்படியே அந்தச் சட்டைக் கையைப் பிரிச்சு மறுபடி தைங்க. கோணலா இருக்கு."

தையல்காரருக்குக் கண் நிறைந்தது. முதுகு வெந்தது.

துறையின் ஆய்வாளர் வந்தது அதற்குப் பிறகுதான். வெயிலில் நடந்து நடந்து காய்ந்து ஒடுங்கிப்போன மனிதர். அறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஆய்வு என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து நாற்காலியைப் பார்த்தார்.

"இது என்ன ரகம்?"

"என் சம்சாரம் சார்."

"அனுமதிக்கப்பட்ட ரகங்கள்ல அது இல்லையே?"

"அது இதுன்னு பேசாதீங்க" என்றாள் சம்சாரம்.

"மன்னிக்கணும்மா. ஆனா ஓர் ஆள் உள்ள உட்கார்ந்தா உடம்புச் சூடு இருக்கு பாருங்க, அது ஒரு விளக்குச் சூட்டுக்குச் சமம். கீரைக்குன்னு வர்ற குளிரை நீங்க எடுத்துக்கிறீங்க. இதுக்கு ஆக்கிரமிப்புன்னு பேர். தண்ணி இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும்."

சம்சாரம் குனிந்து நாற்காலிக்கு அடியில் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். தையல்காரர் வாயிலிருந்து அவர் யோசிக்காமலே வார்த்தை வந்துவிட்டது.

"சார், இவளும் பயிர்தான்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆய்வாளர் வகித்தது சிரிக்க அதிகாரம் இல்லாத பதவி.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"உயிர் இருக்கு. தண்ணி குடிக்கிறா. விளக்கு வெளிச்சத்துல வச்சிருக்கேன்."

"வளர்ச்சி?"

"நான் தையல்காரன் சார். அளவெடுக்கிறது நான்தான். வருஷத்துக்கு வருஷம் இடுப்பு வளர்ந்துக்கிட்டேதான் இருக்கு."

"ஏங்க!"

"நீ சும்மா இரு. இணைப்புப் போயிடும்."

ஆய்வாளர் யோசித்தார். மறுத்தால் உடனே வெளியே போக வேண்டும். ஐயம் என்று மேலிடத்தைக் கேட்டால் பதில் வரும்வரை சம்பவ இடத்திலேயே இருக்கலாம். அவர் மேலிடத்தைக் கேட்டார். இன்னொரு நாற்காலியும் கேட்டார்.

மேலிடம் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தது. உயிருள்ளது, நீர் அருந்துவது, வெளிச்சத்தில் வைக்கப்பட்டது, வளர்வது எதுவோ அது பயிர் என்று அதில் இருந்தது. பச்சையாக இருக்க வேண்டும் என்றோ, மாமியார் வீடு இருக்கக் கூடாது என்றோ இல்லை. ஆகவே, மேற்படி சம்சாரம் ஒவ்வோர் ஆய்விலும் வளர்ச்சி காட்டிவரும் வரையில் பயிராகவே கருதப்படலாம் என்று பதில் வந்தது.

அதிலிருந்து தையல்காரர் வேளைக்கு வேளை தட்டு நிறையச் சோறு கொண்டுபோய் வைத்தார்.

"இன்னும் ஒரு பிடி சாப்பிடு. ஆய்வு வருது."

"குறைச்சுச் சாப்பிடு, குறைச்சுச் சாப்பிடுன்னு என் உயிரை வாங்கின மனுஷனா நீங்க?"

"அப்ப நீ வெறும் மனுஷி."

செய்தி தெருவில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் அப்பாவைப் பயிராகப் பதிவு செய்தார். மாடிவீட்டுக்காரர் குடும்பத்தையே பதிவு செய்துவிட்டு, சமையற்காரரை விவசாயி என்று எழுதிக் கொடுத்தார். மச்சினன், அதாவது சம்சாரத்தின் தம்பி, அக்காவுக்குத் துணையாக என்று சொல்லிப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். மூன்று ஆய்விலும் அவன் இடுப்பு அசையவே இல்லை. பதர் என்று குறித்துவிட்டார்கள். அதற்கு மேல்முறையீடு செய்து, வளர்ச்சி குன்றிய பயிருக்கான சலுகையில் உள்ளேயே இருந்துகொண்டான்.

தேவையாகத் தொடங்கியது எல்லாம் சீக்கிரத்தில் நாகரிகமாகிவிடுகிறது. பயிராக இருப்பது கௌரவம் என்றும், வெளியே வியர்வையோடு திரிவது படிக்காதவர்கள் வேலை என்றும் ஆயிற்று. இலை வடிவத்தில் காலர் வைத்த பச்சைச் சட்டைதான் வேண்டும் என்று தையல்காரரிடம் வந்து குவிந்தார்கள். "நாங்க புதினா வகை, கரையில கொஞ்சம் நெளிவு வேணும்" என்பார் ஒருவர். "நான் மூலிகை. கீரைக்காரங்க போடுற காலரை எனக்கு வைக்காதீங்க" என்று முகம் சுளிப்பார் இன்னொருவர். முடிதிருத்தகத்தில் கொழுந்து வெட்டு என்று ஒன்று வந்தது. 'நல்ல குடும்பம், நோய் தாக்காத ரகம்' என்று கல்யாண விளம்பரம் போட்டார்கள். தையல்காரர் இலைக் காலரைத் தைத்துக்கொண்டே, இதை ஆரம்பித்து வைத்தது நான்தானே என்று நினைப்பார். வெட்கமாக இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். பெருமை வருகிறதே என்று மறுபடி வெட்கமாக இருக்கும்.

உண்மையான கீரை இந்த நெருக்கடியைத் தாங்கவில்லை. இத்தனை உடம்புகள் மூச்சு விட்டதில் தட்டெல்லாம் வாடிச் சரிந்தது. வளர்ச்சி காட்டத் தவறிய காரணத்தால் கீரை, பயிர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. குப்பைக்காரர் அள்ளிக்கொண்டு போனார்.

பயிர்நலத் துறையும் தன் அலுவலகத்தை நாற்றங்காலாக அறிவித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. 'அலுவலர்கள் முளைவிடும் நிலையில் உள்ளனர். தட்ட வேண்டாம்' என்று கதவில் பலகை தொங்கியது. நல்ல துறை என்று மக்கள் பாராட்டினார்கள். முன்பெல்லாம் காரணமே சொல்ல மாட்டார்கள்.

நடையில் மட்டும் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. அறைக்குள் எத்தனை பேர் குளிர்கிறார்களோ, அத்தனை பேரின் சூட்டையும் குழாய் தையல்காரரின் முதுகுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒருநாள் தாங்காமல் ஆய்வாளரைக் கேட்டுவிட்டார்.

"நானும் உள்ள வரலாமா சார்?"

"நீங்க விவசாயியாச்சே. பயிர் வேற, விவசாயி வேற. விவசாயிக்குக் குளிர் எதுவும் சொல்லப்படலை."

"அப்ப விவசாயிக்கு என்னதான் சொல்லியிருக்கு?"

"முதுகெலும்புன்னு சொல்லியிருக்கு."

கோடையின் கடைசியில், ஒரு முற்பகலில், தெருவுக்குள் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. ஜன்னல் இல்லாத வண்டி. அதன் வெளிச்சுவரில் பனித்துளி அரும்பி வழிந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் இறங்கி வந்து, அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"பருவம் முடிஞ்சுது. அறுவடை."

தையல்காரருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "எதை சார்?"

"விளைஞ்சதை. கீரை போட்டிருந்தீங்கன்னா கீரையை எடுத்துட்டுப் போயிருப்பேன். நீங்க போட்டது இது."

"சார், இவ என் சம்சாரம்."

"அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் பட்டியல்ல இல்லைன்னேன். நீங்கதான் பயிர்னு வாதாடினீங்க."

தையல்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவர் எந்த அதிகாரியையும் மறித்ததில்லை. "எங்க கொண்டு போறீங்க?"

"கிடங்குக்கு."

"அப்புறம்?"

"விநியோகம்."

"யாருக்கு?"

"அது விநியோகத் துறை. நாங்க பயிர்நலத் துறை." ஆய்வாளர் அவரைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "இந்த ஊர்ல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க."

உள்ளேயிருந்து சம்சாரம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "கிடங்கு எப்படி, இதைவிடக் குளிரா இருக்குமா?"

"இதெல்லாம் ஒண்ணுமே இல்லைம்மா."

அவள் எழுந்துவிட்டாள். மச்சினன் அதற்குள் பெட்டியோடு படி இறங்கிக்கொண்டிருந்தான். தையல்காரர் அவள் கையைப் பிடித்தார். பிடித்த கை ஜில்லென்றிருந்தது; அவர் கை கொதித்தது.

"போகாதே. விநியோகம்னா என்னன்னு அவருக்கே தெரியலை. யோசிச்சுப் பாரு."

"நீங்க யோசிச்சு எந்தச் சட்டை நேரா வந்திருக்கு?" என்று அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

தெருவில் இறங்கிப் பார்த்தால் ஒரே கூட்டம். மாடிவீட்டுக்காரர் தன் குடும்பத்தை முதலில் அறுக்க வேண்டும் என்று சிபாரிசோடு நின்றார். எதிர்வீட்டுக்காரரின் அப்பா, தான் எப்போதோ முற்றிவிட்டதாகவும், துறையின் அலட்சியத்தால்தான் இன்னும் வெட்டப்படாமல் நிற்பதாகவும் கத்திக்கொண்டிருந்தார். தையல்காரர் அவர்களிடமும் கேட்டார்: "எங்க போறோம்னு யாராவது விசாரிச்சீங்களா?" ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூலிகை மட்டும், "பொறாமை" என்றது.

வண்டியின் கதவு திறந்தது.

உள்ளேயிருந்து வந்த காற்று அவர் முகத்தில் பட்டது. நெற்றி, கழுத்து, வெந்துபோன முதுகு வரைக்கும் அது இறங்கியது. அந்தக் கோடை முழுவதிலும் அவருக்கென்று வீசிய முதல் குளிர். அவரை அறியாமல் கண் மூடிக்கொண்டது. திறந்தபோது, கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த அடுத்த கேள்வி அவருக்கு நினைவுக்கு வரவில்லை. சம்சாரம் உள்ளே ஏறி ஓரமாக இடம்பிடித்துவிட்டது தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்ததும் தெரிந்தது.

"சார்," என்றார் ஆய்வாளரிடம், குரலைத் தாழ்த்தி. "உள்ள இன்னும் ஓர் ஆளுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"விவசாயியை அறுவடை பண்ண முடியாது. சட்டம் இடம் கொடுக்காது." ஆய்வாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு சொன்னார்: "வேணும்னா களைன்னு எழுதிக்கிறேன். பயிரோட சேர்ந்து தெரியாம வந்துட்டதா இருக்கட்டும்."

"எழுதிக்கங்க சார்."

அது பின்னால் நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. பதிவு கிடைக்காதவர்கள், சமையற்காரர், குழாய்க்காரர், குப்பைக்காரர் எல்லோரும் ஒரே குரலில், "நாங்களும் களைதான் சார்!" என்று முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். தையல்காரர் ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு காலைத் தெருவில் வைத்துக்கொண்டு, ஒரு கணம் தயங்கினார்.

"வாசல்ல நின்னு யோசிக்காதீங்க," என்றாள் சம்சாரம் உள்ளேயிருந்து. "குளிர் வெளியே போகுது."

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார்.