கறள் அண்ணையின் கார் நேர்த்தி

டொரொன்ரோவில் வாழ்ந்த தமிழர்களிலேயே கார் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாத ஒரே மனிதர் கறள் அண்ணைதான். மற்ற எதைப் பற்றிக் கேட்டாலும் முக்கால்வாசி புளுகுவார். வயதைக் கேட்டால் ஆளுக்கொரு வயது சொல்வார். ஊரில் வீட்டில் யானை நின்றது என்பார். வயிற்றுவலி என்று லீவு எடுத்துவிட்டு மறுநாள் கலியாண வீட்டுப் பலகாரத்தோடு வேலைக்கு வருவார். ஆனால் பேச்சு காருக்கு வந்துவிட்டால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தவர் போல மாறிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. விளம்பரக் கொம்பனிகளுக்குப் படங்களை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு படக் கிடங்கில் நான் வேலை செய்தேன். எங்கள் பகுதிக்குக் கார் படங்கள். அதுவரை சிலைட்டுகளாக மேசை இலாச்சிகளில் தூங்கிய படங்களையெல்லாம் அந்த வருடம் கம்பியூட்டரில் ஏற்ற முடிவெடுத்தார்கள். இனி வாங்க வருகிறவன் இலாச்சியைக் கிளறமாட்டான், ஒரு சொல்லை அடிப்பான். அவன் என்ன சொல்லை அடிப்பான் என்று முன்கூட்டியே யோசித்து அதைப் படத்தோடு கட்டிவைப்பதுதான் எங்கள் வேலை. ஒரு வரியில் படக்குறிப்பு, அதன் கீழே இருபது தேடற்சொற்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கார் படம் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் கார் தேடி வருவதில்லை. வங்கிக்காரனுக்கு வெற்றி வேண்டும். பற்பசைக்காரனுக்குப் புத்துணர்ச்சி வேண்டும். அதனால் நிறம், மொடல், வீதி, பருவகாலம் எல்லாம் எழுதிய பிறகு கடைசியில் மூன்று உணர்ச்சிகளும் போட வேண்டும். 'சுதந்திரம்' போடாத கார் விலைப்படாது என்பது எங்கள் மனேஜர் டோரீனின் வேதவாக்கு. நான் ஒரு நாளைக்கு அறுபது தடவை சுதந்திரம் அடித்தேன்.

கறள் அண்ணையை அங்கே சேர்த்துவிட்டவன் நான்தான். டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் எனக்குக் கீழ்மாடியில் இருந்தார். அவருடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் நாலு வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார். அவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்ய வேலைக் கடிதம் வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக வேலை செய்தால் டோரீன் கடிதம் கொடுப்பாள். ஊரில் இருபது வருடம் கார் புறோக்கராக இருந்த மனிதர், கார் பற்றி அவருக்குத் தெரியாததா என்று நம்பி அழைத்துப் போனேன்.

முதல் நாளே என் தப்பு விளங்கிவிட்டது. சிவப்புக் கார், கூரை திறந்திருக்கிறது, ஏரிக்கரை வீதி, கூந்தல் பறக்க ஒரு பெண். அடியில் விளக்கெரியும் லைட் மேசையில் சிலைட்டை வைத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக் கால் மணித்தியாலம் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார். 'கதவுக்குக் கீழே கறள். பின் டயர் தேய்ந்தது. கூரைத் துணி கிழிந்தது. குளிரில் ஆறு மாதம் ஓட்டமுடியாது.'

"அண்ணை, சுதந்திரம் எங்கை?"

"ஆருக்கு?"

"காருக்கு!"

"உந்தக் காரை வச்சிருக்கிறவனுக்குச் சுதந்திரமோ? கிழமைக்கு ரெண்டு நாள் கார் திருத்துற கராச்சிலை நிப்பான்."

கறள் என்றால் துரு என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே ஆங்கிலத்தில் அடிக்காத சிலைட் அவரிடம் அபூர்வம் என்பதால் மாதம் முடியுமுன் அது அவருடைய பெயராகிவிட்டது. டோரீனே 'மிஸ்டர் கரால்' என்றுதான் கூப்பிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் மனிதரை மடக்கிப் பிடித்தேன். "ஊரிலை புறோக்கரா இருந்து சொல்லாத பொய்யே? இப்ப என்ன வந்தது?"

"அதுதான் தம்பி பிரச்சினை. நான் வித்த ஒவ்வொரு காரையும் 'ஒரு டொக்டர் ஓடின கார்' எண்டுதான் வித்தனான். நான் வித்த கார் எல்லாம் டொக்டர்மார் ஓடியிருந்தால் யாழ்ப்பாணத்திலை ஒருத்தருக்கும் தடிமன் காய்ச்சல்கூட வந்திராது."

"சரி, அதுக்கு?"

"கனடாவுக்குக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்களைக் கொண்டுபோய் எங்கையோ ஒரு காட்டுக்குள்ளை விட்டிட்டு ஓடிட்டான். அப்ப பிள்ளையாருக்கு நேர்த்தி வச்சனான். கனடா போய்ச் சேர்ந்தால் இனிமேல் கார் விசயத்திலை பொய் சொல்லமாட்டன் எண்டு."

மற்றவர்கள் மச்சம் மாமிசம் விடுவார்கள், முடி இறக்குவார்கள், காவடி எடுப்பார்கள். இவர் கார்ப்பொய்யை விட்டிருக்கிறார். கனடாவில் கோப்பை கழுவுகிறவனிடம் யார் கார் பற்றிக் கேட்கப்போகிறார்கள், சுலபமான நேர்த்தி என்று கணக்குப் போட்டிருக்கிறார். பிள்ளையார் அவரைக் கொண்டுவந்து எண்ணாயிரம் கார் படங்களுக்கு முன்னால் இருத்திவிட்டார்.

நேர்த்தியின் எல்லையும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு வானுக்குப் பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம் வந்தது. அந்த நாலு பேரும் மொடல்கள், ஒருவரையொருவர் அன்று காலைதான் கண்டவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கறள் அண்ணை கண் சிமிட்டாமல் 'மகிழ்ச்சியான குடும்பம், ஆழ்ந்த அன்பு, பதினைந்து வருடத் தாம்பத்தியம்' என்று அடித்தார். எனக்குத் தலை சுற்றியது.

"இது பொய் இல்லையோ?"

"பொய்தான். ஆனால் ஆக்களைப் பற்றின பொய். அதுக்கு நேர்த்தி இல்லை."

அதே படத்தில் 'நம்பகமான வான்' என்று போடச் சொன்னபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இடப்பக்கக் கதவின் நிறம் ஒரு சொட்டு வித்தியாசமாம், எங்கேயோ அடிபட்டு மாற்றிய கதவாம்.

இடையில் ஒரு அதிசயமும் நடந்தது. குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பில் கார் உக்காமல் இருக்க எண்ணெய் அடிக்கும் ஒரு கொம்பனி, நகரத்துப் படக் கிடங்குகள் எல்லாம் தேடியும் துருப்பிடித்த கார் கிடைக்காமல் எங்களிடம் வந்தது. எங்களிடம் நூற்று நாற்பது இருந்தன. கறள் அண்ணை அன்று முழுவதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். டோரீன் அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்துவிட்டு, "மிஸ்டர் கரால், துரு கேட்டு வருடத்துக்கு ஒருவன் வருவான். சுதந்திரம் கேட்டு நாளுக்கு முப்பது பேர் வருகிறார்கள்" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய இருநூறு சிலைட்டுகளுக்கும் உணர்ச்சி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை என்று முடித்தாள்.

அன்று மாலை பஸ்சில் அவர் என் பக்கத்தில் இருந்து யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணை, அறுநூறு சொல்லு. கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கோ. அக்கா அங்கை நாலு வருசமா லொட்ஜிலை கிடக்கிறா!"

"அவவுக்காகத்தான் பயப்படுறன். நேர்த்தியை முறிச்சு எடுக்கிற கடிதத்திலை அவ பிளேன் ஏறினால், நடுவானத்திலை பிள்ளையார் என்னட்டைக் கணக்குக் கேட்டால் நான் என்ன செய்ய?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மனிதர் புளுகவில்லை. சொல்லிவிட்டு மறுபடி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஒரு திட்டம் போட்டேன். அவர் உண்மையை வாயால் சொல்லட்டும், நான் பொய்யை விரலால் அடிக்கிறேன். கறள் அண்ணை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தாலும் பாவம் ஒட்டுமா என்று கோயில் ஐயருக்குப் போன் பண்ணினார். நானும் போனில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன்.

"நேர்த்தி உம்முடைய வாய்க்கும் கைக்கும்தானே? மற்றவனுடைய விரலுக்கு இல்லையே" என்றார் ஐயர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கிடக்க, எனக்கு ஒரு நல்ல பழைய வான் வேணும். ஒண்டும் ஆம்பிடாதோ?" என்றார்.

"நல்லதெண்டு பழைய வான் உலகத்திலை இல்லை ஐயா" என்று போனை வைத்தார் கறள் அண்ணை.

வியாழனும் வெள்ளியும் நாங்கள் செய்த வேலையை எந்தக் கந்தோரும் கண்டிராது. அவர் லைட் மேசையில் குனிந்து, "பம்பர் வளைஞ்சது, எஞ்சின் புகைக்கும்" என்பார். நான் 'வெற்றி, தன்னம்பிக்கை' என்று அடிப்பேன். அவர் "பிறேக் பிடியாது" என்பார். நான் 'சுதந்திரம்' என்பேன். ஒவ்வொரு தடவையும் நான் கடைசிச் சொல்லை அடிக்கும்போது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். வெள்ளி பின்னேரம் இருநூறும் முடிந்தன. டோரீன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கடிதத்தை அவர் மடிக்கக்கூட இல்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பஸ்சில் வந்தார்.

அடுத்த மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அக்கா வந்து இறங்கினார். விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். அது நான் வாங்கிய முதல் கார். கறள் அண்ணை ஏற்கெனவே அதைச் சுற்றிப் பார்த்து அரைமணி நேரம் குற்றப்பத்திரிகை வாசித்திருந்தார். பின் சீற்றடியில் தகடு உக்கிப்போன இடத்தில் பலகைத் துண்டொன்றை வைத்து, அதன்மேல் கம்பளம் விரித்து மறைத்திருந்தேன். புதிதாக வருகிற மனுசிக்குக் கனடாவில் முதல் கார்ப் பயணம், கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு புருசனும் பெண்சாதியும் பின் சீற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் கண்ணாடியில் பார்க்காமல் மரியாதையாக ஓட்டினேன். அக்கா மெதுவாக, "நல்ல காராயிருக்கு, என்ன?" என்றார்.

கறள் அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. கடைசியில் தாங்காமல் சொன்னார்: "இஞ்சேரும், காலை மேலை தூக்கி வையும். கீழை தகடு இல்லை."

சொல்லி வாய் மூடவில்லை, 401 நெடுஞ்சாலையின் உப்புத்தண்ணீர் பலகை இடுக்கால் பீச்சியடித்தது. அக்கா புதுச் சேலையோடு இரண்டு காலையும் சூட்கேசின் மேல் வைத்துக்கொண்டு டோர்செட் பார்க் வரை வந்தார். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். "அஞ்சு வருசமா, கண்டால் என்ன கதைப்பியள் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். எனக்கு மட்டும் மானம் போய்விட்டது. இரண்டு கிழமை கறள் அண்ணையோடு கதைக்கவில்லை.

அந்த வருடமே கார் பழைய இரும்புக்காரனிடம் போனது. அன்று கறள் அண்ணை மாடியேறி வந்து ஒரு படத்தை என் கையில் வைத்தார். விமான நிலையத் தரிப்பிடத்தில் நான் காரில் சாய்ந்து நிற்கிறேன், யாரிடமோ இரவல் வாங்கிய கமெராவால் அவர் எடுத்தது. பின்பக்கத்தில் கிடங்கு லேபிள், ஒற்றை விரலால் அடித்த குறிப்பு.

'நீலக் கார். நாலு கதவும் கறள். கீழே தகடு இல்லை. சைலன்சர் கட்டுக்கம்பியில் தொங்குகிறது. ஒரு நல்ல மனுசன் ஓடின கார்.'

ஆட்களைப் பற்றி அவர் எவ்வளவு புளுகுவார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பி வாசித்தாலும், அது காரைப் பற்றிய வரிதான்.