மார்செய் நகரில் இரண்டு கிலோ சூடை

நல்ல மீனைக் கண்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்குப் பிரான்சின் துறைமுக நகரமான மார்செய்க்குப் போயிருந்தோம். மனைவி ஜெசிந்தாவுக்கு ஒரே ஆசை: குன்றின் மேலிருக்கும் மாதா கோவிலில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். நாங்கள் வாழும் மல்வேர்னில் வேலையில் ஆளுக்கொரு ஷிப்ட்; ஞாயிறுப் பூசைக்கு ஒன்றாகப் போயே எத்தனையோ வருடம்.

கடைசி நாள் காலை பெட்டிகளை ரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் பழைய துறைமுகத்துக்கு வந்தோம். கரையில் மேசை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். சூடை! கண் கலங்காத, செவுள் சிவந்த சூடை. (மல்வேர்னில் வாங்கும் ஐஸ்கட்டியாய் உறைந்த சூடையைப் பிரிக்கச் சுத்தியல் வேண்டும்.)

"உந்த மீனை வாங்கி எங்க வைக்கிறது?" என்றாள் ஜெசிந்தா.

"பின்னேரம் ரயில்தானே. பாரிஸில தங்கச்சி வீட்டில பொரிப்பம்."

"இப்ப கோவிலுக்கெல்லோ போறம்?"

"ஓம், போவம். மீனும் வரட்டும்."

பழைய நகரின் படிக்கட்டுச் சந்துகளில் அவள் வர்ணச் சுவர்களைப் பார்த்தாள். நான் வாங்கிய இரண்டு கிலோ சூடை இருந்த பைக்கு நிழல் பார்த்தேன். மத்தியானம் மீன்தண்ணீர் என் சப்பாத்தில் சொட்டியது. இரண்டு பூனைகள் பின்னால் வந்தன. பஸ்ஸில் எங்களைச் சுற்றி எல்லோரும் தாராளமாக இடம் விட்டார்கள்.

கோவில் வாசலில் ஜெசிந்தா நின்றாள்.

"இந்த நாத்தத்தோட மாதாவுக்கு முன்னால நிப்பீங்களோ? எறிஞ்சிட்டு வாங்கோ."

"இவ்வளவு நல்ல மீனையோ?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தனியாக உள்ளே போனாள்.

நான் பையை அணைத்தபடி படியில் உட்கார்ந்தேன். கீழே கடல் நீலமாக விரிந்து கிடந்தது. அதை ஒரு நிமிடம் ரசிக்கலாமென்று தலையைத் திருப்பினேன். அந்த ஒரு நிமிடத்தில் கடற்பறவைகள் இறங்கிவிட்டன. ஜெசிந்தா வெளியே வந்தபோது என் கையில் பையின் பிடி மட்டும்தான் இருந்தது.

"உங்களுக்கும் சேத்து நானே கொளுத்திப்போட்டன்" என்றாள். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

கடல் பின்னால் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள். நானும் பக்கத்தில் போனேன். "கிட்ட வராதேங்கோ, மணக்குது" என்று என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, வழியில் போன ஒருவரிடம் போனைக் கொடுத்தாள்.

அந்தப் படம் இப்போது எங்கள் ஹோலில் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள்: "வெடிங் டேக்குத் தனியவோ போனனீங்கள் அன்ரி? அங்கிள் வரேல்லையோ?"

"வந்தவர்" என்பாள் ஜெசிந்தா, தேத்தண்ணியை நீட்டியபடி. "மீனுக்குக் காவலா வெளியில இருந்தவர்."