காரைக் கண்டால் ஓடும் காரீயம்

உலகத்தில் புலிக்குப் பயந்தவர்கள் உண்டு, பேய்க்குப் பயந்தவர்கள் உண்டு. அம்பாசிடர் காருக்குப் பயந்து ஓடியவர் எனக்குத் தெரிந்து இவர் மட்டும்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் திருத்தணி பஸ் ஸ்டாண்டு ஓரமாகப் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். பெயர் யாருக்கும் தெரியாது. ஊரே ‘காரீயம்’ என்றுதான் கூப்பிட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் கார்கள் வரிசை கட்டினால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். பூட்டைக் கொடுத்தவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள்.

“ஏங்க, பஸ்ஸு கரும்புகைய மூஞ்சியில வாங்கினு சும்மா குந்தினுகிறீங்க. காருக்கு மட்டும் ஓடறீங்களே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பஸ்ஸுக்கு டீசலுபா. காருக்கு ஊத்தற பெட்ரோல்ல காரீயம் கலக்கறான். அந்தப் பொக கண்ணுக்கே தெரியாது. மூளையில போய்க் குந்திக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவர் டாக்சி ஓட்டிய என் அக்கா புருஷன், பாவா.

ஒருநாள் காலை பாவா ரப்பர் டியூபை வாயில் வைத்து டாங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சிக்கொண்டிருந்தார். “வோணாம் நைனா!” என்று அலறிக்கொண்டு காரீயம் பாய்ந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரை நோக்கி. திடுக்கிட்ட பாவா ஒரு வாய் விழுங்கிவிட்டார். இருமல் பிடித்தது, மூச்சு இழுத்தது.

இன்னொரு டிரைவர் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு அதே காரை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பாவாவின் தலையை மடியில் ஏந்தி உள்ளே உட்கார்ந்திருந்தவர் காரீயம். நடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “மெட்ராஸ்ல என் சிநேகிதன் பெட்ரோல் தொட்டி கழுவ எறங்கனான்பா. அடியில காரீயச் சேறு. தூக்கம் போச்சு. சொவுத்துல பூச்சி ஊருதுன்னு கத்திகினே செத்தான்.”

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் பயமில்லை என்றார். காரீயம் நம்பவில்லை. மூச்சுக்கு ஒருதரம், “சொவுத்துல எதுனா தெரியுதா நைனா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பாவா மெல்ல வாய் திறந்தார்.

“ஆங்... ஊருது.”

காரீயத்தின் முகம் வெளுத்தது. திரும்பிப் பார்த்தால், சுவரில் நிஜமாகவே ஒரு பல்லி. காரீயம் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பாவா அதன்பிறகு வாயில் டியூபை வைக்கவே இல்லை.

வெகுகாலம் கழித்துக் காரீயம் கலக்காத பெட்ரோல் வந்தது. பட்டணத்துக் காற்றில் காரீயம் குறைந்துகொண்டு வருவதாகப் பேப்பரில் படித்தேன். அதற்குள் எங்கள் பூட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அன்று பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் அவர் பெட்டி வைத்திருந்த ஓரத்தில் நின்றேன். ‘காத்து நல்லாயிட்டு வருதுங்க’ என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது.