கொள்கலனுக்குள் நான் கண்ட ராக்கெட் லாஞ்சர்

என் வேலையைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் தாங்களாக நினைத்துக்கொண்டதைத் திருத்தாமல் விட்டேன், அவ்வளவுதான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகப் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில், பாதிரியாரிடம்கூட, இதைச் சொன்னது கிடையாது. (சுவாமி கேட்டால்தானே சொல்வதற்கு!)

லண்டனுக்கு வந்த புதிதில் விமான நிலையமொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பயணிகளின் பைகளை ஒரு சாம்பல் நிறத் தட்டில் வைத்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள் அல்லவா? மறுபக்கத்தில் வெறுமையாக மிஞ்சும் அந்தத் தட்டுகளைப் பொறுக்கி, அடுக்கி, மறுபடி முன்பக்கம் கொண்டுபோய் வைப்பதுதான் என் வேலை. யாராவது கேட்டால், "எயார்போட்டிலை, ஸ்கானிங் பக்கம்" என்பேன். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் தென் லண்டனின் மோர்டனில் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்களின் வாயில் அது வளர்ந்தது. முதலில் செக்யூரிட்டி ஆபீசர் ஆனேன். பிறகு, "இவர் திரையைப் பார்த்தாரெண்டால் பெட்டிக்குள்ளை இருக்கிற ஊசியையும் சொல்லுவார்" என்றார்கள். நான் அந்த வேலையை விட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் கேர்டேக்கராகிப் பத்து வருடம் கழிந்த பிறகும் என் புகழ் குறையவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி மேரி.

கத்தோலிக்கருக்குப் பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். றெஜி அண்ணை வந்தபின் எங்கள் பங்கில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்தது. கவுன்சிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் எங்கள் எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு முதலீட்டுக் குழு தொடங்கினார். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சிறிய கம்பனியில் பங்கு வாங்கினோம். கிழக்கு ஆபிரிக்கத் துறைமுகம் ஒன்றில் வந்திறங்கும் கொள்கலன்களைத் திறக்காமலே எக்ஸ்ரே பிடித்து, உள்ளே ஆயுதமோ போதைப்பொருளோ இருக்கிறதா என்று பார்க்கும் கம்பனி அது.

அந்தத் துறைமுகத்தை இரண்டு மடங்காகப் பெருப்பிக்கத் தொடங்கினார்கள். அதோடு பிரச்சினையும் வந்தது. அதுவரை படம் பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர். ஒவ்வொருவரும் ஒரு வருடம் பயிற்சி எடுத்தவர்கள். இனி அவர்கள் வேண்டாம், மூன்று நாள் பயிற்சியோடு குறைந்த சம்பளத்துக்கு ஆட்களை வைத்து, மிச்சத்தைக் கணினியிடம் விடலாம் என்றது கம்பனி. பங்குதாரர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். லண்டனில் கூட்டம் வைத்து வாக்கெடுப்பது என்று முடிவாயிற்று.

எங்கள் எட்டுப் பேருக்குள்ளும் அதே பிளவு.

"கொம்பியூட்டர் பாக்கிற வேலைக்கு ஆர் ஒரு வருஷம் படிக்கிறது? லாபம் கூடும், பேசாமல் ஓமெண்டு போடுவம்" என்றார் றெஜி அண்ணை.

"உமக்கு என்ன தெரியும்?" என்று எழும்பினார் ஃபிலோ அக்கா. அவர் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர். "எக்ஸ்ரே பாக்கிறது விளையாட்டில்லை. ஒரு நிழலைப் பாத்துப்போட்டு டாக்குத்தர்மார் ரெண்டு பேர் அரை மணித்தியாலம் சண்டை பிடிச்சதை நான் கண்ணாலை கண்டனான்."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "யூட்டைக் கேப்பம். அவருக்குத்தானே இது தெரிஞ்ச தொழில்" என்றார் றெஜி அண்ணை.

உண்மையைச் சொல்ல அருமையான சந்தர்ப்பம் அது. நான் என்ன செய்தேன்? தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதைக் கூட்டத்திலை போய்க் கேட்டுத்தான் முடிவெடுக்க வேணும்" என்றேன், ஐ.நா. சபைக்குப் போகிறவன் மாதிரி.

கூட்டத்தன்று காலையில் மேரி என் டையைக் கட்டிவிட்டாள். கட்டும்போது கொஞ்சம் இறுக்கினாள். "அங்கை போய் வாயைத் திறக்கக் கூடாது. ஆரும் கேட்டால் தொண்டை கட்டிப்போச்சு எண்டு சொல்லுங்கோ."

"நான் ஏன் வாய் திறக்கப் போறன்?"

"உங்களை எனக்குத் தெரியும்."

றெஜி அண்ணை, ஃபிலோ அக்கா, நான் மூவரும் மோர்டனில் ரயிலேறி மூர்கேட்டில் இறங்கினோம். ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் மண்டபம். இருநூறு கதிரைகள். கதவருகில் கடும் நீலக் கோட் அணிந்த ஆபிரிக்கப் பெண்ணொருவர் நின்றார். ஹோட்டல் பணியாளர் என்று நினைத்து அவரிடம் ஒரு தண்ணீர்ப் போத்தல் கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு போய் எடுத்துவந்து தந்தார். ஐந்து நிமிடம் கழித்து அவர் மேடையில் போய் அமர்ந்தார். அவருக்கு முன்னால் இருந்த அட்டையில், எஸ்தர், துறைமுகச் சோதனைப் பிரிவின் தலைவி என்று எழுதியிருந்தது. (அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை.)

கம்பனித் தலைவர் நெட்டையான, பட்டுப்போன்ற குரல் கொண்ட மனிதர். புதிய திட்டத்தை அழகழகான படங்களோடு விளக்கினார். ஒரு கிழவர் எழுந்து, "ஒரு துப்பாக்கி தப்பிப் போனாலும் நம் ஒப்பந்தம் போய்விடுமே?" என்று கேட்டார். இன்னொருவர், "இயந்திரத்துக்குக் களைப்பு வராது" என்றார். முன்வரிசையில் ஒரு பெண்மணி, அந்த முப்பது நாற்பது குடும்பங்களின் கதி என்ன என்று கேட்டார். சத்தம் கூடியது. எஸ்தர் ஒரு தடித்த கோப்பை மடியில் வைத்தபடி, தன் முறைக்காகக் காத்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் அவருடைய பெயர் கடைசியில் இருந்தது, மூன்றே நிமிடத்தோடு.

அப்போது தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இந்த வேலையை நேரடியாகச் செய்த யாராவது சபையில் இருக்கிறீர்களா?"

நான் கையைத் தூக்கவில்லை. இதை இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். என் முழங்கையைப் பிடித்துத் தூக்கியவர் றெஜி அண்ணை. ஆனால் ஒலிவாங்கி கைக்கு வந்ததும் தொண்டை கட்டிப்போச்சு என்று சொல்லாமல் விட்டதற்கு அவர் பொறுப்பல்ல. இருநூறு வெள்ளைக்காரத் தலைகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மண்டபமே நான் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தது.

"என் பெயர் யூட். மோர்டனிலிருந்து வருகிறேன்" என்றேன். "விமான நிலையத்தில் ஸ்கானிங் பக்கம் இருந்தேன். மூன்று நாளில் எல்லாம் பிடிபட்டுவிட்டது."

உண்மைதான். தட்டு அடுக்குவதற்கு மூன்று நாள்கூட அதிகம்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "அருமை! அப்படியானால் இந்தப் படத்தைப் பார்த்து என்ன தெரிகிறது என்று சபைக்குச் சொல்ல முடியுமா?"

திரையில் ஒரு கொள்கலனின் எக்ஸ்ரே படம் விழுந்தது. மஞ்சளும் நீலமுமாக ஒரே கலங்கல். இடப்பக்கம் பெட்டிகள். நடுவில் நீண்ட குழாய்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் விரல் வைக்கும் இடத்தில் சிறுசிறு பொத்தான்கள். யுத்தம் நடந்த நாட்டில், துப்பாக்கியைத் துவக்கு என்கிற ஊரில் பிறந்தவன் நான், எனக்குத் தெரியாத ஆயுதமா? (உண்மையில் யுத்த காலம் முழுவதும் முதல் சத்தத்துக்கே பதுங்குகுழிக்குள் ஓடிக் கண்ணை மூடிக்கொண்டவன். ஆயுதங்களை நான் காதால்தான் அறிவேன்.)

"துப்பாக்கிகள்!" என்றேன்.

திரைப்பக்கம் கையை நீட்டினேன்.

"பத்துப் பன்னிரண்டு இருக்கும். குழலைப் பாருங்கள், விசையைப் பாருங்கள். அதோ மூலையில், பெரிய வாயோடு வளைந்து கிடக்கிறதே" (இங்கே நான் ஒரு இடைவெளி விட்டேன், நாடகத்தில் விடுவதுபோல) "அது ராக்கெட் லாஞ்சர்!"

பிறகு நடந்ததை விவரிப்பது கஷ்டம். பின்வரிசையில் யாரோ கத்தினார். கிழவர் எழுந்து, "இதை நாங்கள் உள்ளே விட்டோமா?" என்று கேட்டார். முத்துமாலை போட்ட மூதாட்டி ஒருவர், பங்குகளை இன்றைக்கே விற்கலாமா என்று பக்கத்தில் இருந்தவரை உலுக்கினார். தலைவர் வெளிறிப்போய்த் தன் தாள்களைப் புரட்டினார். படத்தில் இருப்பது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. றெஜி அண்ணை பெருமையோடு என் முதுகைத் தட்டினார்.

எஸ்தர் எழுந்து ஒலிவாங்கியருகே வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தக் கொள்கலனை நான்தான் பார்த்தேன். பிறகு நானே முன்னால் நின்று திறக்க வைத்தேன். உள்ளே இருந்தவை ட்ரம்பெட்டுகள். இங்கே லண்டனில் ஒரு பள்ளிக்கூடம் பாவித்த வாத்தியங்களை எங்கள் ஊர்க் கோயில் பாண்டுக்கு அனுப்பியிருந்தது. ராக்கெட் லாஞ்சர் என்று இந்தக் கனவான் சொன்னது டியூபா." கையால் திரையில் காட்டினார். "வாயைக் கவனியுங்கள். பூ மாதிரி விரிகிறது. துப்பாக்கியின் வாய் அப்படி விரியாது. என் ஆட்கள் இதை இரண்டாவது மாதத்தில் படிப்பார்கள்."

பிறகு என் பக்கம் திரும்பி, மிக மரியாதையாக, "மூன்றாவது நாளில் அல்ல" என்றார்.

முதலில் சிரித்தது முத்துமாலை மூதாட்டி. பிறகு மண்டபமே சிரித்தது. நான் உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகும் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஐயோ மாதாவே" என்று நான் முணுமுணுத்தது ஒலிபெருக்கியில் தமிழிலேயே கேட்டது.

அதன்பின் விவாதிக்க ஒன்றும் இருக்கவில்லை. மூன்று நாள் பயிற்சி எடுத்த ஆள் எப்படி இருப்பான் என்பதைச் சபை கண்ணால் கண்டுவிட்டது. திட்டம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. துறைமுகம் எவ்வளவு பெருத்தாலும் பயிற்சி பெற்றவர்களே படம் பார்ப்பார்கள் என்று முடிவாயிற்று. ஃபிலோ அக்கா எங்கள் குழுவின் வாக்குச் சீட்டை றெஜி அண்ணையின் கையிலிருந்து பறித்துத் தானே நிரப்பினார்.

வெளியே போகும் வழியில் எஸ்தர் என்னை மறித்தார். நான் தண்ணீர்ப் போத்தலுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் முப்பது பக்கம் எழுதிக்கொண்டு இவ்வளவு தூரம் பறந்து வந்தேன். நீங்கள் அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டீர்கள். என் ஆட்கள் சார்பில் நன்றி."

அவர் உண்மையாகவே நன்றி சொன்னார். அதுதான் வலித்தது.

ரயில் கென்னிங்டனைத் தாண்டியது. பிறகு ஃபிலோ அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உண்மையைச் சொல்லும். எயார்போட்டிலை என்ன வேலை செய்தனீர்?"

"தட்டு அடுக்கினனான், அக்கா."

றெஜி அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு காலம்?"

"ஒண்டரை வருஷம்."

"முழுக்கத் தட்டோ?"

"ஓம் அண்ணை. கடைசி மூண்டு மாசம் தள்ளுவண்டியும் தந்தவை."

ஃபிலோ அக்கா கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டுக் கைப்பையைத் திறந்து மீன் றோல் ஒன்றை எடுத்து நீட்டினார். "சாப்பிடும். நாப்பது பேற்றை வேலையைக் காப்பாத்தியிருக்கிறீர்." றெஜி அண்ணை மட்டும் மோர்டன் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். (சுரங்கத்துக்குள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.)

வீட்டில் மேரி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். "வாயைத் திறந்திட்டியள்" என்றாள். அவ்வளவுதான்.

ஃபிலோ அக்காவும் எஸ்தரும் அன்றைக்கே தொலைபேசி நம்பரைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சில மாதம் கழித்து எஸ்தர் ஒரு படம் அனுப்பினார். துறைமுகத்தின் புதிய பயிற்சி அறை. சுவரில் அதே எக்ஸ்ரே படம், பெரிதாக. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல்நாளே அதைக் காட்டுவார்களாம். துப்பாக்கி என்று சொல்லுகிற ஆளுக்கு அந்த வாரம் முழுவதும் பட்டப்பெயர் "மிஸ்டர் மோர்டன்". நான் கால் வைக்காத ஒரு நாட்டில், என்னைக் கண்டிராதவர்கள், அந்தப் பெயருக்குப் பயந்து கவனமாகப் படிக்கிறார்களாம்.

அங்கே அது ஒரு வாரத்தோடு முடிகிறது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கோயில் திருநாளில் பாண்ட் வாசிக்கத் தொடங்கினால் என் மகள் ஆன் என் தலையைப் பிடித்து அமர்த்தி, "அப்பா, டக்! குனியுங்கோ!" என்கிறாள். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மேரி வெம்பிளியில் கேக் செய்வித்தாள். பங்கிலுள்ள அரைவாசிப் பேர் வீட்டில் கூடியிருக்க, பெட்டியைத் திறந்தாள். "மிஸ்டர் மோர்டனுக்கு வாழ்த்துகள்" என்று ஐசிங்கில் எழுதி, நடுவில் மஞ்சளாக என்னவோ கீறியிருந்தது.

"பிறந்தநாள் கேக்கிலை ஏனப்பா துவக்குக் கீறுவிச்சனீர்?" என்று மேரியைக் கேட்டேன்.

ட்ரம்பெட்டாம்.